கறுப்புப் பை

இன்றும் பதினைந்து ஃபிஷ் ஃபிங்கரை
ஓவனில் அடுக்கிவிட்டேன்.
ஆளுக்கு மூன்று, ஐந்து பேருக்கு:
கை இன்னும் பழைய கணக்கில் இருக்கிறது.
மிஞ்சிய மூன்றை நின்றபடியே தின்றுவிட்டு
பால் லாரிச் சாவியைத் தேடுகிறான் இத்தெல்,
ஒன்றும் சொல்லாமல்.

வெளியே மழை.
வேல்ஸின் இந்தக் கரையில் மழைக்கு விடுமுறை கிடையாது.

லெனி போய் ஏழு வாரம்.
வந்தபோது அவனுக்கு மூன்று வயது,
இரண்டு கறுப்புக் குப்பைப் பைகள்.
ஒன்றில் துணி.
மற்றதில் ஒற்றைச் செருப்பு, ஈரப் போர்வை,
எந்த டிவியுடையது என்று யாருக்கும் தெரியாத ஒரு ரிமோட்.
போனபோது சக்கரம் வைத்த நீலப் பெட்டி,
டைனோசர் படம் போட்டது, நான் வாங்கியது.
அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது,
சொல்லிவிடுகிறேன்.

ரெக்ஸமில் அவன் சித்தி. நல்லவள்.
அவள் கார் இருக்கையில் பூனை மயிர் ஒட்டியிருந்தது;
அது ஏன் எனக்கு ஆறுதலாக இருந்ததோ.
"நல்லபடியாக முடிந்தது" என்றாள்
துறையிலிருந்து வந்த பெண், கோப்பை மூடி.

முதல் மாதம் தலையணைக்கு அடியில் ரொட்டி ஒளித்தான்.
பூசணம் பூத்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.
திட்டவில்லை.
ராத்திரிக்கென்று ஒரு டப்பா கொடுத்தோம்,
அவன் கைக்கு எட்டுகிற இடத்தில்.
வசந்தத்தில் ஒரு காலை
டப்பா திறக்கப்படாமல் இருந்தது.
அன்று இத்தெல் குளியலறைக்குள் போய்
வெகுநேரம் குழாயைத் திறந்து வைத்திருந்தான்.

மைக்ரோவேவுக்கு இந்த வீட்டில்
இப்போதும் டிங் பெட்டி என்றுதான் பெயர்.
துறையின் பட்டியலில் வராத பொருள், அந்தச் சொல்.
மாக்சென் அவனைப் பற்றிப் பேசுவதே இல்லை, ஆறு வயது வீறாப்பு.
ஆனால் குளியல் தொட்டியில்
முதுகில் குழாய் குத்துகிற அந்த மூலை,
முன்பு யாருமே வேண்டாத மூலை,
கேட்காமலே லெனி எடுத்துக்கொண்ட மூலை,
இப்போது அதற்குத்தான்
அண்ணனும் தங்கையும் அடித்துக்கொள்கிறார்கள்.

போன செவ்வாய்.
வீடு முழுக்கத் தேடினேன் நொன்னை.
வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்,
பட்டன் மாற்றிப் போட்ட கோட்டில்,
பக்கத்தில் ஒரு கறுப்புப் பை.
உள்ளே நீச்சல் உடை, காதில்லாத முயல்,
என் காலுறை ஒன்று,
டப்பாவில் ரொட்டி.

"என் கார் எத்தனை மணிக்கு?"

உட்கார்ந்தேன். படி ஈரம்.
உனக்குக் கார் வராது என்றேன்.
"லெனிக்கு வந்ததே."
லெனி வேறு வீட்டுப் பிள்ளை, கண்ணு.
"நம்ம வீட்டுப் பிள்ளைன்னு நீதானே சொன்னே."

சொன்னேன்.
பதினொரு மாதமும் சொன்னேன்,
தலை துவட்டும்போது, காய்ச்சலில்,
கடையில் அவன் தரையில் புரண்டு கத்தியபோது
பார்த்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி.
இரண்டுமே உண்மை என்று
நாலு வயதுக்கு எப்படிச் சொல்வது?
முப்பத்தாறுக்கே பிடிபடவில்லை.

அதற்குள் குப்பை வண்டி திரும்பியது,
மஞ்சள் விளக்கு சுழல.
இறங்கிய பையன் பையைப் பார்த்ததும்
பழக்கத்தில் கை நீட்டினான்.
நொன் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.
"இது குப்பையில்லை."
"மன்னிக்கணும்" என்றான் அவன்,
அழுக்குக் கையுறையை நெஞ்சில் வைத்து,
பெரிய மனுஷியிடம் சொல்வது போல.
அப்புறம் அடுத்த வீட்டுக்குப் போனான்.

பை இன்னும் நடையில்தான் இருக்கிறது.
பிரிக்க விடமாட்டேன் என்கிறாள்.
காலுறையை மட்டும் கேட்டு வாங்கினேன்.
எல்லோரும் தூங்கிய பிறகு
ரொட்டியை மாற்றி வைக்கிறேன்.